வெயில் எல்லோருக்கும்; வெளிச்சம் யாருக்கு?



நாட்டின் மின்சார வலையை மாற்றியமைக்கப் போகிறோம் என்று சர்க்கார் பறைசாற்றி வருகிறது. நிலக்கரிக்கு மெல்ல மெல்ல விடைகொடுத்துவிட்டு வெயிலையும் நீரையும் நம்பி நாடு நடக்கப் போகிறதாம். 2050-ஆம் ஆண்டுக்குள் மின் உற்பத்திச் சாதனங்களின் மொத்தச் சக்தியில் நூற்றுக்கு 70 பங்கு இத்தகைய வற்றாத மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பது 2023-ல் அறிவிக்கப்பட்ட இலக்கு. 2025 முதல் 2027 வரையுள்ள மூன்றே ஆண்டுகளில் மின்சார வலைக்காகத் தெனாகா நேஷனல் போடுவதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட முதல் ஏறத்தாழ 4,280 கோடி வெள்ளி.

இதைப் படித்துவிட்டு, "இதற்கும் பால் வெட்டுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்? நமக்கு விளக்கு எரிந்தால் போதாதா?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நிறையச் சம்பந்தம் உண்டு என்பதே நம் பதில். கித்தா வெட்டுகிறவனானாலும் சரி, செம்பனைக் குலை அறுக்கிறவனானாலும் சரி, தோட்டத்தை விட்டுக் கிளம்பிக் கிள்ளான் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவனானாலும் சரி, இந்த மாற்றம் அவன் வீட்டு மின்கட்டணத்தைத் தொடும். அவன் குடியிருக்கும் நிலத்தைத் தொடும். அவன் பிள்ளையின் வேலையைத் தொடும். எல்லாம் முடிவான பின் விழித்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன துரதிர்ஷ்டம். இந்த முறையாவது முன்கூட்டியே பேசிவிடுவோம்.

கம்பி மேலே, இருட்டு கீழே

சரித்திரத்தைச் சற்றுத் திருப்பிப் பார்ப்போம். மத்திய மின்சார வாரியம் 1949-ல் அமைக்கப்பட்டது. 1953-ல் கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. ஈயச் சுரங்கங்களுக்கும் கோலாலம்பூர்க் கடைவீதிகளுக்கும் மின்சாரம் பாய்ந்தது. கித்தா நிரைகளுக்கு நடுவே இரும்புக் கோபுரங்கள் எழுந்தன. அந்தக் கோபுரங்களின் அடியில் விடியுமுன் தலைவிளக்கோடு பால் வெட்டியவர்கள் நம் தாய் தந்தையர். வீட்டுக்குத் திரும்பினால் மண்ணெண்ணெய் விளக்கு. கொஞ்சம் வசதியுள்ள தோட்டமானால் நிர்வாகத்தின் இஞ்சின் சாயங்காலம் சில மணி நேரம் ஓடும். பிள்ளை பாடத்தை முடித்தானா இல்லையா என்று பாராமல் குறித்த நேரத்தில் நின்றுவிடும். பெரிய பங்களாவில் விளக்கு எரிவதை லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

வாரியம் 1965-ல் தேசிய மின்சார வாரியமாயிற்று. 1990-ல் தெனாகா நேஷனல் என்ற கம்பெனியாயிற்று. அதே 1990-ல்தான் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்ச வசதிகள் இருக்கவேண்டும் என்ற 446-ஆம் சட்டமும் வந்தது. கன்னாட் பிரிட்ஜ் திறந்து 37 ஆண்டுகள் கழித்து! மின்சாரம் நாட்டில் இல்லாததால் நாம் இருட்டில் இருக்கவில்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானித்தவர்களின் கணக்கில் நாம் கடைசியில் இருந்ததால் இருட்டில் இருந்தோம்.

இன்று தெனாகாவின் தலைமையகம் நிற்கும் பங்சார் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போகும் தூரம். புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டிப் பிறந்ததே பங்சார் என்ற பெயர் என்பார்கள். முதலாளிகளின் பெயர் ஊருக்கு நிலைத்தது. அங்கே பால் வெட்டியவர்களின் பெயர் ஒரு சந்துக்குக்கூட இல்லை. காப்பாரைப் பாருங்கள். கடலோரத்தில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் மின்நிலையம் 2,400 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட சக்தியுடையதாகக் கட்டப்பட்டது. நிலக்கரி எரிவது நம் மக்கள் நெருங்கி வாழும் காப்பாரில். குளிர்சாதனம் ஓடுவது தலைநகரின் உயர்ந்த மாளிகைகளில்.

இந்த அனுபவம் நமக்கு இருப்பதால்தான், "வெயில் மின்சாரம் வருகிறது, எல்லோருக்கும் நன்மை" என்று யாராவது சொன்னால், "எல்லோரும் என்றால் யார் யார்?" என்று கேட்கிறோம்.

வெயிலுக்கு உள்ள குணம்

முதலில் விஷயம் என்னவென்று தெளிவாகத் தெரிந்துகொள்வோம். தெரியாத விஷயத்தில் கோஷம் போடுவது சங்கத்துக்கு அழகல்ல.

காலையில் வெட்டிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவருகிறோம். அமோனியா விட்டு டாங்கியில் வைத்தால் அது கட்டாமல் இருக்கும். லாரி வரும்வரை காத்திருக்கும். மின்சாரம் அப்படிக் காத்திருக்காது. உண்டாகிற அளவும் செலவாகிற அளவும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் ஓடுகிறது. செலவு கூடி உற்பத்தி குறைந்தால் அந்த 50 இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். அளவுக்கு மீறி இறங்கினாலும் ஏறினாலும் இயந்திரங்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிடும். ஒன்று நின்றால் அதன் பாரம் அடுத்ததன்மேல் விழும். அதுவும் நின்றால் நாடே இருட்டாகும்.

நிலக்கரி, எரிவாயு, நீர் ஆகியவற்றால் ஓடும் நிலையங்களில் டன் கணக்கில் எடையுள்ள சக்கரங்கள் சுழல்கின்றன. பாரம் ஏற்றிய லாரி எஞ்சினை நிறுத்தியவுடன் நின்றுவிடுவதில்லை. சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும். அதுபோல் அந்தச் சக்கரங்களின் வேகம், ஏதாவது கோளாறு வந்தால் சில நொடிகளாவது தாங்கிப் பிடிக்கும். அந்தச் சில நொடிகளில் மற்ற நிலையங்கள் கைகொடுக்கும். சோலார் தகட்டில் சுழலும் சக்கரம் கிடையாது. வெயில் பட்டால் மின்சாரம். மேகம் மறைத்தால் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை எவ்வளவு சாதாரணம் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மழை வந்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை என்பது நம் கதை. அந்த விஷயத்தில் சோலார் தகடும் நம் இனம்தான்.

இன்னொரு சங்கடம் சாயங்காலம். நம் நாட்டில் பகலில் ஆபீசுகளும் கடைகளும் குளிர்சாதனத்தை ஓட்டுவதால் பகல் தேவை அதிகம். அதற்கு வெயில் மின்சாரம் நன்றாகவே பொருந்துகிறது. தீபகற்பத்தின் உச்சத் தேவை 2024-ல் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆனால் இரவு ஏழரை மணிக்கு வெயில் போய்விடுகிறது. அப்போதுதான் வீடுதோறும் விளக்கு, விசிறி, அடுப்பு, சலவை இயந்திரம் எல்லாம் ஓடத் தொடங்குகின்றன. நண்பகலில் மிஞ்சுவதை இரவுக்குக் கொண்டுபோக வழி வேண்டும்.

வழி மூன்று. முதலாவது, சேமிப்பு. பெரிய பாட்டரிகளில் பகலில் நிரப்பி இரவில் எடுக்கலாம். அணைகளும் ஒருவகைப் பாட்டரிதான்: திரங்கானுவில் கென்யிர் அணையின் 400 மெகாவாட் நிலையம் பகலில் நீரை அடக்கி வைத்துக்கொண்டு, வெயில் சாய்ந்தபின் திறந்துவிடலாம். அணைநீரின் மேலேயே சோலார் தகடுகளை மிதக்கவிட்டு இரண்டையும் ஜோடியாக ஓட்டும் திட்டத்தைத் தெனாகா 2,500 மெகாவாட் அளவுக்கு வகுத்திருக்கிறது. இரண்டாவது, கம்பி. ஓரிடத்தில் மேகம் மறைத்தால் வேறிடத்து வெயில் வந்து சேரவேண்டும். கிராமத்து வெயில் நகரத்துக்குப் போகவேண்டும். வீட்டுக்கு வந்த கம்பி இனிமேல் வீட்டிலிருந்து திரும்பவும் சுமக்கவேண்டும். மூன்றாவது, செலவு நேரத்தை மாற்றுவது. மிஞ்சும் நேரத்தில் விலையைக் குறைத்து, நெருக்கும் நேரத்தில் விலையைக் கூட்டி, மக்களின் பழக்கத்தை நகர்த்துவது.

மூன்றும் வேண்டியவைதான். மூன்றுக்கும் பணம் வேண்டும். நம் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

வெயில்மேல் பழி போடுவோருக்கு

அதற்கு முன் ஒரு கூட்டத்தாருக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். "வெயிலை நம்பினால் நாடு இருண்டுபோகும், நிலக்கரிதான் நிச்சயம்" என்று இவர்கள் பிரசாரம் செய்கிறார்கள். 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி இலங்கை முழுவதும் இருண்டதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நேர்ந்தது என்று அந்நாட்டு அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. ஆனால் சிரிப்புக்குப் பின்னால் சங்கதி இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, வெயில் மின்சாரம் அதிகம், சுழலும் சக்கரங்கள் குறைவு. சிறு அதிர்ச்சியையும் தாங்க வலையில் பலம் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைமேல் சோலார் வைத்திருப்போர் பகலில் அதை நிறுத்திவையுங்கள் என்று இலங்கை மின்சார சபை கேட்டுக்கொள்ள நேர்ந்தது. வெயில் இலவசமாகக் கொட்டும்போது குடையைப் பிடிக்கச் சொன்ன கதை!

அதே ஏப்ரல் 28-ஆம் தேதி நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. உடனே பழி வெயில்மேல் விழுந்தது. விசாரித்தபோது, மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போனதும், அதை அடக்கும் ஏற்பாடு போதாமல் போனதும் வெளிவந்தன. கடமையைச் செய்யத் தவறியவற்றில் பழையமுறை நிலையங்களும் உண்டு.

நம் சொந்த வீட்டுக் கதையை மட்டும் இவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1996 ஆகஸ்டு 3-ஆம் தேதி தீபகற்பம் முழுவதும் இருண்டு, பல மணி நேரம் தத்தளித்ததே, அன்று நாட்டில் எத்தனை சோலார் நிலையங்கள் இருந்தன? 2005 ஜனவரி 13-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஜொகூர்வரை மின்சாரம் போயிற்றே, அதற்கும் வெயிலா காரணம்? வலை பலவீனமாக இருந்தால் நிலக்கரியும் கைவிடும். வலை பலமாக இருந்தால் வெயிலும் கைகொடுக்கும்.

தென் ஆஸ்திரேலியா இதைச் செய்து காட்டியது. 2016 செப்டம்பரில் புயலில் அந்த மாநிலம் முழுவதும் இருண்டது. காற்றாலைகளை ஏசிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பாட்டரியை நிறுவினார்கள். தமிழ்நாட்டைப் பார்த்தாலும் பாடம் கிடைக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயருகே முப்பந்தல் முதலிய இடங்களில் எழுந்த காற்றாலைகள் பெருகி, இன்று அந்த மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளன. ஆனால் காற்று வீசும் மே முதல் செப்டம்பர்வரையிலான மாதங்களில், எடுத்துச்செல்லக் கம்பி போதாமலும் ஏற்றுக்கொள்ள இடமில்லாமலும் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்கள் எத்தனையோ. விளைச்சல் மிகுந்தும் களஞ்சியம் இல்லாத கதை. 1980-களிலேயே கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில், மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, வேண்டியபோது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் கட்டியவர்கள், அந்த வழியில் அடுத்ததைக் கட்டத் தாமதித்ததன் விலையைத்தான் பின்னர் கொடுத்தார்கள்.

ஆகவே நாம் வெயிலுக்கு விரோதிகள் அல்ல. நிலக்கரிப் புகையின் ருசி காப்பார் மக்களுக்குத் தெரியும். பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வரும் அந்தச் சரக்கின் விலை ஏறும்போதெல்லாம் நம் மின்கட்டணம் நடுங்குவதும் தெரியும். வெயில் வரட்டும், விரைவாக வரட்டும். ஆனால் அதற்கான செலவு யார் தோளில், அதன் லாபம் யார் மடியில் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

கூரை இருப்பவனுக்குக் கொடை

2011 டிசம்பரில், வெயில் மின்சாரம் விற்போருக்கு நல்ல விலை கொடுப்பதற்காக மின்கட்டணத்தின்மேல் நூற்றுக்கு 1 வீதம் வசூலிக்கத் தொடங்கினார்கள். 2014-ல் அது 1.6 ஆயிற்று. மாதம் 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. அதை நாம் மறைக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் பெரிய குடும்பம் நெருங்கி வாழும் வீட்டில், ஒரு பழைய குளிர்ப்பெட்டியும் இரண்டு மூன்று விசிறிகளும் நாள் முழுதும் ஓடினால் 300 எத்தனை நாளைக்கு நிற்கும்?

பிறகு, கூரைமேல் தகடு வைத்து மிஞ்சியதை வலைக்குக் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் திட்டம் 2016-ல் வந்தது. பலமுறை திருத்தப்பட்டு 2025 ஜூனுடன் முடிந்து, அதன் இடத்தில் வேறு திட்டம் வந்திருக்கிறது. 2024-ல் தகடு வைக்கும் வீட்டுக்கு 4,000 வெள்ளிவரை உதவித்தொகையும் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் அந்த 4,000 வெள்ளியை வாங்க முதலில் சொந்தக் கூரை வேண்டும். அதன்பின் கையில் பல ஆயிரம் வெள்ளி வேண்டும். 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. அதை வாங்குகிறவன் இந்த உதவியை எந்தக் கையால் வாங்குவது?

தோட்டத்தில் கூரை நிர்வாகத்துக்குச் சொந்தம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் கூரை எல்லோருக்கும் பொது, ஆகவே யாருக்கும் இல்லை. மலிவு அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் இருப்பவனுக்கு வெயில் ஜன்னல் வழியாகத்தான் வரும். கூரை உள்ளவர் நண்பகலில் மிஞ்சியதைக் கொடுத்துவிட்டு இரவில் அதே அளவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இரவில் அதைக் கொடுக்க ஓடிய இயந்திரத்துக்கும், சுமந்த கம்பிக்கும் யார் கூலி கொடுத்தது? கூரை இல்லாதவனும் சேர்ந்துதான் கொடுத்தான். தகடு வைத்தவர்களை நாம் குறைசொல்லவில்லை. அவர்கள் நல்ல காரியமே செய்தார்கள். கூரை இல்லாதவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துப் பார்க்காத திட்டத்தைத்தான் குறைசொல்கிறோம்.

இப்போது வலைக்குப் போடும் 4,280 கோடிக்கு வருவோம். மின்சார வலையில் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 7.3 வீதம் வருமானம் கொடுக்கலாம் என்பது கட்டணம் நிர்ணயிக்கும்போது ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அந்த வருமானம் வானத்திலிருந்து விழாது, மின்கட்டணத்திலிருந்தே வரவேண்டும். "தெனாகாவின் லாபத்தில் ஊழியர் சேமநிதிக்கும் பங்கு உண்டு, அதாவது உங்களுக்கே உண்டு" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். மெத்தச் சரி! அப்படியானால் கட்டணம் கட்டுகிறவர்களாக மட்டுமல்ல, பங்குக்காரர்களாகவும் கேட்கிறோம்: இந்தக் கம்பிகள் யாருக்காக?

சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் கணினிக் கிடங்குகள் எழுந்து வருகின்றன. ஒரு பெரிய கிடங்கு ஒரு நகரத்தளவு மின்சாரத்தை விழுங்கக்கூடியது. அவற்றுக்குப் பசுமை மின்சாரம் கொண்டுபோகப் புதிய கம்பிகளும் துணை நிலையங்களும் வேண்டும். தனி ஒருவருக்காகப் போடும் பாதையின் செலவை ஊரார் தலையில் கட்டக்கூடாது என்பது சின்ன நியாயம். அதைச் சட்டத்தில் எழுதிவைக்கக் கேட்கிறோம்.

நேரத்துக்கு நேரம் விலை

2025 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய கட்டண முறை வந்திருக்கிறது. மாதம் 600 யூனிட்டுக்கு மேற்போகாத வீடுகளை எரிபொருள் விலைமாற்றக் கட்டணத்திலிருந்தும் 10 வெள்ளி மாதக் கட்டணத்திலிருந்தும் விலக்கியிருக்கிறார்கள். அது நியாயம். விரும்பும் வீடுகள் நேரத்துக்கு நேரம் மாறும் விலையையும் தேர்ந்தெடுக்கலாம். திங்கள் முதல் வெள்ளிவரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணிவரை விலை அதிகம். மற்ற நேரத்தில் குறைவு.

இதைக் கண்டு மிரளவும் வேண்டாம்; கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் வேண்டாம். கணக்குப் பாருங்கள். பெரட்டுக்குப் போகும் வீட்டில் விடியற்காலை 4 மணிக்கே அடுப்பும் விளக்கும் எரிகின்றன. அது மலிவு நேரம். சலவையும் அப்போதே முடியுமானால் அந்த வீட்டுக்கு இந்த முறை லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் தொழிற்சாலையில் வேலை முடிந்து மாலை 6 மணிக்கு வீடு திரும்பும் தாய், சமைப்பதையும் பிள்ளை படிப்பதையும் இரவு 10 மணிக்குமேல் தள்ளிப்போட முடியுமா? மின்சார மோட்டார் வண்டி வைத்திருப்பவர் அதை நடுநிசியில் நிரப்பிக்கொள்வார். பிள்ளையின் பசியை நடுநிசிக்கு மாற்ற முடியாது. இன்று இது விருப்பமாக இருக்கிறது. நாளை கட்டாயமாகுமானால் முதலில் அடிபடுவது நேரத்தின்மேல் அதிகாரம் இல்லாதவர்கள்தாம். ஆகவே, விருப்பம் விருப்பமாகவே இருக்கட்டும் என்கிறோம்.

நிலம் யாருடையது?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி நிலம். சோலார் நிலையத்துக்கு வேண்டியது பரந்த நிலம், பக்கத்தில் மின்கம்பி. இரண்டும் எங்கே இருக்கின்றன? தோட்டங்களில்! கோல லங்காட்டில் தெனாகாவின் 50 மெகாவாட் சோலார் நிலையம் 2018-ல் ஓடத் தொடங்கியது. அதற்கே 200 ஏக்கருக்கு மேல் வேண்டியிருந்தது. பெரிய தோட்டக் கம்பெனிகள் தங்கள் நிலத்தைச் சோலாருக்கு விட முன்வந்துள்ளன. 2024-ல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்ட சைம் டார்பி பிளாண்டேஷன் அவற்றில் ஒன்று. செம்பனையின் விலை ஏறும், இறங்கும். சோலார் குத்தகை ஏறாமல் இறங்காமல் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தொழிலாளிக்கு என்ன ஆகும்? தகடுகளுக்கு வெட்டு இல்லை, உரம் இல்லை, அறுப்பு இல்லை. கட்டும்போது சில மாதம் பலருக்கு வேலை. கட்டி முடிந்தபின் புல் வெட்டவும் துடைக்கவும் காவல் காக்கவும் சிலர் போதும். கித்தாவை அழித்துச் செம்பனை போட்டார்கள், ஆள் குறைந்தது. செம்பனையை அழித்துத் தாமான் கட்டினார்கள், லயம் போயிற்று. இப்போது தகடு விதைக்கப் போகிறார்கள்.

புத்ராஜெயாவின் கதையை நாம் மறக்கவில்லை. பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் கொடுத்த மக்கள் சொந்தத் தரைவீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்களும் வீட்டுக்காக நெடுங்காலம் போராடினர். நாட்டுக்கு நல்லது என்ற பெயரில் ஒவ்வொரு முறையும் நிலம் கைமாறியது. ஒவ்வொரு முறையும் பெட்டி படுக்கையைத் தூக்கியது நாம். இன்று அந்தப் பெயர் "பசுமை". பெயர் பசுமையாக இருப்பதால் வெளியேற்றம் இனிப்பாகிவிடாது.

"தொழிலாளர் இப்போது யார்? லயங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டார்தானே!" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இந்தோனேசியத் தொழிலாளியும் வங்காளதேசத் தொழிலாளியும் மனிதர்கள்தாம். நம் பாட்டன்மாரும் கப்பலில் வந்தவர்கள்தாம். அவர்கள் லயத்தில் விளக்கு எரியாவிட்டால் அது நம் சங்கத்தின் விவகாரமே.

நாம் கேட்பது என்ன?

1941-ல் இதே கிள்ளான் வட்டாரத்தில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடக் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் அவமானம் வேண்டாம் என்றார்கள். துப்பாக்கியால் பதில் வந்தது, தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். ஆனால் வாழ்க்கை முழுவதுமே பேச்சுவார்த்தைக்குரியது என்ற பாடத்தை அவர்கள் நமக்கு விட்டுச்சென்றார்கள். அந்த வழியில் நின்று கேட்கிறோம்:

1. தோட்டநிலத்தைச் சோலாருக்கு விடுமுன், அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்குப் பட்டாவோடு கூடிய வீடு உறுதியாக வேண்டும். வீடு முதலில், தகடு பிறகு.

2. தோட்டக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் குடியிருப்பவர் பெயரிலேயே மீட்டர் வேண்டும். பரம ஏழைகளுக்கு மாதம் 40 வெள்ளிவரை மின்கட்டணச் சலுகை உண்டென்கிறார்கள். மீட்டர் நிர்வாகத்தின் பெயரில் இருந்தால் அந்தச் சலுகை வீட்டுக்காரனுக்கு எப்படி வந்து சேரும்? 446-ஆம் சட்டப்படி தொழிலாளர் இலாகா நேரில் வந்து பார்க்கவேண்டும். கடுதாசியில் பார்த்தால் போதாது.

3. மலிவு அடுக்குமாடிகளின் கூரைகளிலும் தோட்டக் குடியிருப்புகளின் கூரைகளிலும் பொதுச் செலவில் தகடும் பாட்டரியும் வைத்து, வரும் பலனைக் குடியிருப்போர் எல்லோருடைய கட்டணத்திலும் பங்கிட்டுக் கழிக்கவேண்டும். மின்தூக்கியும் படிக்கட்டு விளக்கும் தடையின்றி ஓடினாலே முதியோருக்கு அது பெரிய உபகாரம்.

4. வலை மாற்றத்துக்கு வயர்மேன், சார்ஜ்மேன், கம்பி போடுவோர், பாட்டரி பராமரிப்போர் ஆயிரக்கணக்கில் வேண்டும். அந்தப் பயிற்சியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், உதவிப்பணத்தோடு இடம் ஒதுக்கவேண்டும். புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று சர்க்கார் சொல்லியாயிற்று. இருப்பவையும் ஒருநாள் மூடும். காப்பார் நிலையத்தில் வேலை செய்வோருக்கும், அங்கே குத்தகைக்காரரிடம் வேலை செய்வோருக்கும், மூடிய பின் அல்ல, மூடுமுன்பே மறுபயிற்சி வேண்டும்.

5. சிறு வீடுகளுக்குள்ள 300 யூனிட், 600 யூனிட் விலக்குகள் நீடிக்கவேண்டும். கணினிக் கிடங்குகளுக்கென்று போடும் கம்பியின் செலவை அந்தக் கிடங்குகளே ஏற்கவேண்டும்.

6. கட்டணமும் வலைத் திட்டமும் பற்றி எரிசக்தி ஆணையம் ஆலோசனை நடத்தும்போது, முதலாளிகளின் பிரதிநிதிகளோடு தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் சமமாக உட்கார வேண்டும்.

இவற்றில் எது அநியாயம் என்று சர்க்காரையும் முதலாளிமாரையும் கேட்கிறோம். ஆயிரம் கோடிகளை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, ஒரு லயத்தில் எத்தனை வீட்டில் சொந்த மீட்டர் இருக்கிறது என்று எண்ணுவது கஷ்டமா?

அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. வரும் கிளைக் கூட்டத்துக்குப் போகுமுன் உங்கள் மின்கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எத்தனை யூனிட், 1.6 வீதம் பிடித்திருக்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். சீட்டே வராத வீடானால் அதையும் எழுதுங்கள். நிலம் அளக்க ஆட்கள் தோட்டத்துக்குள் வந்தால், எந்தக் கம்பெனிக்காக, எதற்காக என்று கேட்டு, அன்றைக்கே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் நம் பிரதிநிதிகளுக்கு இந்த விவரங்களைவிட நல்ல ஆயுதம் வேறில்லை.

கேட்காதவனுக்குக் கிடைக்காது. ஒன்றுசேர்ந்து கேட்டால் மறுக்க முடியாது.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!